வளவுக் கோழிகளுக்குப் புழுநீக்கமும் பேன், உண்ணி, தெள்ளு ஒழிப்பும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரரின் வளவில் ஐந்தாறு ஊர்க்கோழிகளேனும் இல்லாத வீடு அரிது. சிந்திய நெல்லையும், அடுக்களைக் கழிவையும், தோட்டத்துப் பூச்சிகளையும் உண்டு அவை முட்டையும் இறைச்சியும் தருகின்றன. அவற்றின் எரு கத்தரிக்கும் வெங்காயத்துக்கும் உரமாகின்றது. செலவு குறைந்த இவ்வளர்ப்பிலே பெரும்பாலானோர் கணக்கிற் கொள்ளாத நட்டம் ஒன்று உண்டு. குடலில் வாழும் புழுக்களும், இறகிலும் கூட்டிலும் வாழும் பேன், உண்ணி, தெள்ளு முதலியனவும் விளைக்கும் நட்டமே அது. தொற்றுநோய் வந்தாற் கோழிகள் ஓரிரு நாளில் மடிந்துவிடுகின்றன, எல்லோரும் அறிகின்றனர். புழுவும் பேனும் பற்றிய கோழியோ மடிவதில்லை. முட்டை குறைகின்றது, குஞ்சு வளர்ச்சியற்றுத் தேய்கின்றது, அடைக்கோழி இடைநடுவே எழுந்துவிடுகின்றது. தீனி உண்ணப்படுகின்றது, பயன் கிடைப்பதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள மயிலிட்டி மக்கள் 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இடம்பெயர்ந்தனர். 2017 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மயிலிட்டித் துறைமுகமும் அதனை அடுத்த காணிகளில் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டன. இருபத்தேழு ஆண்டுகள் பற்றையாய்க் கிடந்த நிலத்தைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, தோட்டம் விளைந்து பணம் வருவதற்குப் பல மாதங்கள் செல்லும். அக்காலத்திற் குடும்பத்துக்குக் கைகொடுக்கக்கூடியவை வளவிற் கட்டிய கூடும் அதிலுள்ள பத்துக் கோழிகளுமே. ஆதலால் அவற்றின் நலன் சிறு விடயம் அன்று.

புழு, பேன், உண்ணி ஆகியவற்றை ஒழிப்பதற்கு மருந்தின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றும் எங்கே வாழ்கின்றது, எத்தனை நாளிற் பெருகுகின்றது என்பவற்றையும் அறிதல் வேண்டும். கூட்டின் வெடிப்பில் வாழும் உண்ணிக்குக் கோழியின் இறகில் மருந்து தூவுவதும், நிலத்திற் கிடக்கும் புழுமுட்டையை விட்டுவிட்டுக் குடலிலுள்ள புழுவை மட்டும் வெளியேற்றுவதும் பணத்தை வீணாக்குவனவாகும்.

குடற்புழுக்கள்

வளவுக் கோழிகளிற் காணப்படும் புழுக்களுள் முதன்மையானது பெரிய உருளைப்புழு. வெண்மை அல்லது இளமஞ்சள் நிறமுடையது. ஐந்து முதல் பன்னிரண்டு சதமமீற்றர் வரை நீளமாய்ச் சிறுகுடலில் வாழ்வது. இதன் முட்டைகள் எச்சத்துடன் நிலத்தில் விழுகின்றன. சூடும் ஈரமும் உள்ள இடத்தில் ஏறக்குறைய 10 முதல் 14 நாளில் அவை தொற்றக்கூடிய நிலையை அடைகின்றன. தீனியுடனோ நீருடனோ அவற்றை விழுங்கிய கோழியின் குடலிற் புழு வளர்ந்து, ஐந்து முதல் எட்டு வாரங்களில் தானும் முட்டையிடத் தொடங்குகின்றது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளே இதனாற் பெரிதும் வருந்துவன. புழு மிகுந்தாற் குடல் அடைபட்டுக் குஞ்சு இறத்தலும் உண்டு. வளர்ந்த கோழி ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்று நலமாய்த் தோன்றினும், அதன் எச்சத்திலிருந்து குஞ்சுகளுக்குத் தொற்று ஓயாது செல்லும்.

குருட்டுக்குடலில் வாழும் சிறு புழு ஒரு சதமமீற்றர் அளவினது. இது கோழியைப் பெரிதும் வருத்துவதில்லை. ஆயினும் வான்கோழிகளைக் கொல்லும் கருந்தலை நோயின் கிருமியை இதன் முட்டை சுமந்து செல்கின்றது. ஆகவே கோழியையும் வான்கோழியையும் ஒரே வளவில் வளர்த்தல் ஆகாது.

மயிர்ப்புழு கண்ணுக்கு எளிதிற் புலப்படாத அளவு மெல்லியது. எனினும் குடற்சுவரைத் துளைத்து மெலிவையும் கழிச்சலையும் உண்டாக்கும். இதன் சில இனங்கள் மண்புழுவின் வழியாகவே கோழியை அடைகின்றன. வயலை உழும்போதும் தோட்டத்தைக் கொத்தும்போதும் கோழிகள் பின்தொடர்ந்து மண்புழுவைப் பொறுக்குவது கமக்காரர் நாளும் காணும் காட்சி.

நாடாப்புழு தட்டையாய்க் கணுக்கணுவாய் அமைந்தது. முற்றிய கணுக்கள் சோற்றுப் பருக்கை போன்று எச்சத்திற் காணப்படும். இது கோழியிலிருந்து கோழிக்கு நேரே தொற்றுவதில்லை. எறும்பு, வண்டு, வீட்டு ஈ ஆகியவை புழுவின் முட்டையை உண்டு, பின் கோழிக்கு இரையாகும்போதே தொற்றுகின்றது. எருக்குவியலைக் கூட்டின் அருகே வைத்திருப்போர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

கோழியின் இப்புழுக்கள் மனிதரின் குடலிற் குடிகொள்வன அல்ல. ஆயினும் கூட்டைத் துப்புரவு செய்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் நன்று.

புழு உண்டென அறியும் வழி

கொண்டையும் தாடியும் வெளிறுதல், நெஞ்செலும்பு கூராய்த் தோன்றுதல், சிறகு தொங்குதல், தீனி உண்டும் மெலிதல், கழிச்சல், முட்டை குறைதல் ஆகியவை அறிகுறிகளாம். இவை வேறு நோய்களிலும் காணப்படும். ஆகவே ஐயமற அறிய இரு வழிகள் உண்டு. வீட்டுத் தேவைக்குக் கோழியை அறுக்கும்போது குடலை நீளவாக்கிற் கீறிப் பார்த்தல் ஒன்று. காலையிற் கூட்டின் பல இடங்களிலிருந்து புதிய எச்சத்தைச் சிறு போத்தலில் எடுத்து, அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்திற் கொடுத்து நுணுக்குக்காட்டியாற் சோதிப்பித்தல் மற்றையது. எப்புழு என்பது தெரிந்தால் எம்மருந்து என்பதும் தெளிவாகும்.

மருந்தும் அதனைக் கொடுக்கும் முறையும்

எல்லாப் புழுக்களுக்கும் ஒரே மருந்து இல்லை. பைப்பரசீன் பெரிய உருளைப்புழுவை மரத்துப்போகச் செய்து எச்சத்துடன் வெளியேற்றும்; பிற புழுக்களுக்கு அதனாற் பெரும்பயன் இல்லை. லெவமிசோல், பென்பெண்டசோல், அல்பெண்டசோல் ஆகியவை உருளைப்புழு இனங்கள் பலவற்றின்மீது வேலை செய்வன. நாடாப்புழுவுக்குப் பிரசிகுவாந்தெல் என்ற மருந்து உண்டு. நாடாப்புழுவின் தலை குடற்சுவரிற் பற்றியிருக்குமாயின் வால்பகுதி வெளியேறினும் அது மீண்டும் வளரும். முட்டையிடும் கோழிக்கு இவற்றுள் எது உகந்தது, எவ்வளவு கொடுப்பது என்பவற்றைக் கால்நடை வைத்தியரே கூறல் வேண்டும்.

மருந்தின் அளவு கோழியின் எண்ணிக்கையைக் கொண்டன்றி உடல் நிறையைக் கொண்டே கணிக்கப்படும். நான்கு பேடுகள் ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோகிராம், ஒரு சேவல் இரண்டரைக் கிலோகிராம், ஐந்து விடைகள் ஒவ்வொன்றும் 900 கிராம் எனக் கொள்வோம். மொத்தம் 13 கிலோகிராம் ஆகும். மருந்துப் போத்தலில் ஒரு கிலோகிராம் உடல் நிறைக்கு உரியதாகக் குறிக்கப்பட்ட அளவை 13 ஆற் பெருக்குதல் வேண்டும். தராசு இல்லாவிடில், ஒரு கோழியைப் பனையோலைப் பெட்டியில் இட்டு அயற்கடையில் நிறுத்துக்கொள்ளலாம். குறைந்த அளவிற் கொடுத்தாற் புழு சாகாது, மருந்துக்குப் பழகியும்விடும். மிகைப்படக் கொடுத்தாற் கோழிக்குக் கேடு.

பத்துப் பதினைந்து கோழிகளாயின், இரவிற் கூட்டில் அடைந்தபின் ஒவ்வொன்றாய்ப் பிடித்து வாயிற் கொடுத்தலே நம்பிக்கையானது. ஊசி இல்லாத சிறிஞ்சினால், அலகின் ஓரமாய்த் துளித்துளியாக விடுதல் வேண்டும். நாக்கின் பின்னே மூச்சுக்குழாயின் வாய் உள்ளது. விரைந்து ஊற்றினால் மருந்து சுவாசப்பையிற் புகுந்து கோழி இறக்கக்கூடும்.

நீரிற் கலந்து கொடுப்பதாயின், காலையிற் கூட்டைத் திறக்குமுன், கோழிகள் சில மணி நேரத்திற் குடித்து முடிக்கக்கூடிய அளவு நீரிலே மருந்தைக் கலந்து வைத்தல் வேண்டும். அது முடியும்வரை வேறு நீர் கிடைத்தல் ஆகாது. கிணற்றடித் தொட்டியும் தோட்டத்து வாய்க்காலும் இருக்கும்போது கோழி மருந்து நீரை நாடாது. ஆகவே அன்று காலையில் அவற்றைக் கூட்டிலேயே மறித்து வைத்தல் அவசியம்.

மருந்து கொடுத்த நாளை நாட்காட்டியிற் குறித்துக்கொள்க. போத்தலிற் குறித்த, அல்லது வைத்தியர் கூறிய நாள்கள் கழியும்வரை அக்கோழிகளின் முட்டையை உண்பதும் விற்பதும் கூடா. இறைச்சிக்கு அறுத்தலும் கூடாது.

நிலத்திலுள்ள புழுமுட்டைகள்

மருந்து குடலிலுள்ள புழுவையே அகற்றும். நிலத்திற் கிடக்கும் முட்டைகள் நிழலும் ஈரமும் உள்ள இடத்திற் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். கடும் வெயிலும் வறட்சியும் அவற்றைக் கொல்லும். யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்றது. அக்காலத்தில் வாழையின் கீழும் வேலியோரத்திலும் மண் காய்வதில்லை. ஆகவே தொற்று மழைக்காலத்திலேயே பெருகும்.

மருந்து கொடுத்தபின் இரண்டு மூன்று நாட்கள் கோழிகளைக் கூட்டில் மறித்து, அங்கு விழும் எச்சத்தைக் கூட்டியெடுத்தல் வேண்டும். வெளியேறும் புழுக்களும் முட்டைகளும் வளவிற் பரவாதிருக்க இதுவே வழி. அவ்வெருவை நேரே மரக்கறிப் பாத்தியில் இடாது, இலைகுழையுடன் சேர்த்துக் குவித்து, ஓலையால் மூடிப் புழுங்கவிடுக. நன்கு சூடேறிய குவியலிற் புழுமுட்டைகள் அழியும். குவியலைச் சில வாரங்களுக்கு ஒருமுறை புரட்டினால் வெளிப்புறத்தில் உள்ளதும் உட்சென்று சூடேறும்.

கூட்டுத் தரையை அயலிலும் ஓரடி உயர்த்தி, மழைநீர் தேங்காது சரிவாய் அமைத்தல் நன்று. நீர்ப் பாத்திரத்தைச் சுற்றிய ஈரமண்ணை அடிக்கடி அகற்றி உலர்ந்த மணல் இடுக. தீனியை நிலத்தில் எறியாது தட்டில் வைக்க. குஞ்சுகளை வளர்ந்த கோழிகள் நடமாடாத இடத்தில் வளர்த்தல் எல்லாவற்றிலும் பயனுள்ளது.

பேன், உண்ணி, தெள்ளு

இவற்றைக் கண்டறிய இரவில் ஒருமுறையும் பகலில் ஒருமுறையும் சோதித்தல் வேண்டும்.

கோழிப்பேன் தன் வாழ்நாள் முழுவதையும் கோழியின்மேலேயே கழிப்பது. எச்சவாயைச் சூழ்ந்த இறகுகளை விலக்கினால் வைக்கோல் நிறப் பேன்கள் விரைந்தோடுவதையும், இறகின் அடியில் ஈர்கள் திரளாய் ஒட்டியிருப்பதையும் காணலாம். கோழியை விட்டு நீங்கினாற் சில நாளில் இறந்துவிடும். ஆகவே இதற்கு மருந்திடவேண்டிய இடம் கோழியே. மருந்துத் தூள் ஈரைக் கொல்லாது. ஈர் பொரித்த குஞ்சுப் பேன்கள் வளர்ந்து மீண்டும் முட்டையிடுமுன், அதாவது 10 முதல் 14 நாளில், இரண்டாம் முறை தூவுதல் இன்றியமையாதது. ஒருமுறை தூவி நிறுத்துவோர் ஒரு மாதத்திற் பழைய நிலையையே காண்பர்.

சிவப்புச் சிற்றுண்ணி பகலிற் கூட்டின் வெடிப்புகளில் மறைந்திருந்து, இரவிற் கோழியின் இரத்தத்தைக் குடித்து மீள்வது. ஒரு மில்லிமீற்றர் அளவினது. பகலிற் கோழியைச் சோதிப்பவர் எதையும் காணார். இரவில் வெள்ளைத் துணியால் கோழி அடையும் தடியின் அடிப்பாகத்தைத் துடைத்தால் இரத்தக்கறை படியும். இது சூடான காலத்தில் 7 முதல் 10 நாளில் ஒரு தலைமுறை பெருகும். கோழியில்லாத கூட்டிலும் பல மாதங்கள் உயிர்வாழும். மனிதரையும் கடித்துச் சொறியை உண்டாக்கும்.

கோழியுண்ணி இதனிலும் பெரியது, தட்டையானது. பனஞ்சலாகை, மரத்தூண், கதியால் ஆகியவற்றின் பட்டைக்குள் ஒளிந்திருக்கும். உணவின்றி ஓராண்டுக்கு மேலும் வாழவல்லது. இரத்தத்தைக் குடிப்பதோடு, காய்ச்சலும் பச்சைக் கழிச்சலும் கால்சோர்வும் தரும் கொடிய நோயொன்றையும் கோழிகளிடையே பரப்பும்.

இவ்விரண்டுக்கும் மருந்திடவேண்டிய இடம் கூடே. கூட்டிலுள்ள வைக்கோலையும் பழைய கிடுகையும் எடுத்து எரித்து, தடிகளைக் கழற்றி வெயிலிற் போட்டு, வெடிப்புகளிற் கொதிநீர் ஊற்றி, காய்ந்தபின் சுண்ணாம்பு பூசுதல் வேண்டும். ஒரு வாரத்தின் பின் மீண்டும் செய்தல் வேண்டும். வெடிப்புகளைச் சாந்தால் அடைத்துவிடுதல் நிலையான பயன் தரும். கோழி அடையும் தடியைச் சுவரில் முட்டாதவாறு தனிக்கால்களில் நிறுத்தி, ஒவ்வொரு காலையும் சிறிது சமையல் எண்ணெய் உள்ள சிரட்டையில் வைத்தால், கூட்டில் ஒளிந்துள்ளவை தடிக்கு ஏறமுடியாது.

ஒட்டுத்தெள்ளு கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கருங்கடுகு போன்று கூட்டமாய்ப் பற்றியிருக்கும். குஞ்சுகளைக் குருடாக்கவும் கொல்லவும் வல்லது. நாயிலும் பூனையிலும் இது வாழ்வதால் அவற்றுக்கும் சிகிச்சை வேண்டும். பற்றிய இடத்தில் வாசலின் தடவினால் தெள்ளுகள் மூச்சடைத்து விழும். கண்ணில் படாது காக்க. இதன் புழுக்கள் மண்ணில் வளர்வதால், கூட்டைச் சுற்றிய மேல்மண்ணைச் சுரண்டி அகற்றுதலும் அவசியம்.

காலின் செதில்கள் உயர்ந்து தடித்துச் சுண்ணாம்பு படிந்ததுபோல் தோன்றினால், செதிலின் கீழ் வாழும் சிற்றுண்ணியே காரணம். இளஞ்சூடான சவர்க்கார நீரிற் காலை ஊறவைத்து, மெல்லத் தேய்த்து, தேங்காயெண்ணெய் அல்லது வாசலினை வாரத்தில் இரண்டு மூன்று முறை பல வாரங்கள் பூசிவரக் குணமாகும். செதிலைப் பிய்த்தலும் மண்ணெண்ணெய் பூசுதலும் கூடா. தோல் வெந்து புண்ணாகும்.

மண்குளியல்

கோழி மண்ணிற் புரளுவது பேனை அகற்றுவதற்கு இயற்கை அளித்த வழி. மழைபடாத இடத்தில் ஆழமற்ற பெட்டியொன்றில் உலர்ந்த மணலும் சலித்த விறகுச் சாம்பலும் கலந்து வைக்க. நனைந்த சாம்பல் தோலை அரிக்குமாதலால் ஈரமானவுடன் மாற்றுதல் வேண்டும். கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், கந்தகத்தூள் கலந்த மண்குளியல் பேனையும் சிற்றுண்ணியையும் மிக நன்றாக ஒழித்ததாகக் காணப்பட்டது. வேப்பெண்ணெயும் வேப்பிலையும் இவற்றைக் குறைக்குமேயன்றி முற்றாக ஒழிக்கா.

அடைக்கோழி

கோழி அடையிருக்கும் 21 நாட்களும் பேனுக்கும் சிற்றுண்ணிக்கும் ஏற்ற காலம். கோழி இடம்பெயராது, மண்ணிற் புரளுவதும் குறைவு. பேன் ஒரு தலைமுறை பெருகுவதற்கும் ஏறக்குறைய மூன்று வாரமே போதும். ஆகவே குஞ்சுகள் வெளிவரும் நாளிலேயே பேன்கள் தாயிலிருந்து அவற்றுக்கு மாறுகின்றன. அடைவைப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன் ஒருமுறையும், அடைவைக்கும் நாளில் ஒருமுறையும் கோழிக்குரிய தூளை இடுதல் வேண்டும். அடைப்பெட்டியிற் பழைய வைக்கோலை விடாது புதிதாய் இடுக. குஞ்சு பொரித்தவுடன் அதனையும் எரித்துவிடுக.

பயிர் நஞ்சைக் கோழிக்கு இடற்க

நம்மூரிற் பிள்ளைகளுக்கு வயிற்றுப்பூச்சிக்குக் கொடுப்பதும் பூச்சிமருந்து. கத்தரிக்கு விசிறுவதும் பூச்சிமருந்து. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. தோட்டத்துக்கு வாங்கிய போத்தலிற் சிறிது எஞ்சியிருக்கின்றதே என்று அதனை நீரிற் கலந்து கோழியைத் தோய்ப்பதாற் கோழி இறத்தலும், முட்டைவழி நஞ்சு பிள்ளைகளின் வயிற்றை அடைதலும் நேரும்.

டி.டி.ரீ. தூளைக் கோழிப்பேனுக்கு இடுமாறு 1940 ஆம், 1950 ஆம் ஆண்டுகளில் உலகின் பல பாகங்களிலும் அறிவுரை கூறப்பட்டது. அது உடற்கொழுப்பிலே தங்கி முட்டையிலும் கலப்பது பின்னரே உணரப்பட்டுக் கைவிடப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் ஒல்லாந்திலும் பெல்சியத்திலும், சிவப்புச் சிற்றுண்ணியை ஒழிக்கக் கோழிக்கூடுகளுக்கு விசிறிய மருந்தில், உணவுக்குரிய கோழிகளுக்குத் தடைசெய்யப்பட்ட பிப்ரோனில் என்ற நஞ்சு கலக்கப்பட்டிருந்தது. அந்நஞ்சு முட்டைகளிற் காணப்படவே, பல மில்லியன் முட்டைகள் அழிக்கப்பட்டன. நாய்களுக்குத் தெள்ளு மருந்தாகப் பிப்ரோனில் விற்கப்படுகின்றது. நாய்க்குரியதைக் கோழிக்கு இடுதல் கூடாது என்பதற்கு இதனிலும் சான்று வேண்டியதில்லை. மாட்டுக்கு ஏற்றும் ஐவமெக்ரின் மருந்தும் முட்டையில் தங்கக்கூடியது. வைத்தியர் கூறாது கொடுத்தலாகாது. புகையிலைக் காம்பைக் கூட்டில் இடுவோர், நிக்கோட்டின் கோழிக்கும் நஞ்சு என்பதை மறத்தலாகாது.

பேனுக்குத் தூள் வேண்டுமாயின், கோழிக்கு உரியதெனப் பொதியிற் குறிக்கப்பட்ட பேமெத்திரின் தூளை வைத்தியரிடம் கேட்டுப் பெறுக. அது பூனைக்குக் கொடிய நஞ்சு. பூனை அணுகாது காக்க. எத்தூளாயினும் மூக்கையும் வாயையும் துணியால் மூடி, காற்றின் திசைக்கு மாறாய் நில்லாது தூவுக.

மயிலிட்டியிலும் வலிகாமத்தின் ஏனைய ஊர்களிலும் மண்ணின் கீழ் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது விரைவிற் கிணற்றை அடையும். நாம் குடிப்பதும் பயிருக்கு இறைப்பதும் அந்நீரே. ஆதலால் மருந்து கலந்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் கிணற்றடியில் ஊற்றற்க.

ஆண்டு ஒழுங்கு

புரட்டாசியில், மழைக்கு முன், எச்சத்தைச் சோதிப்பித்துப் புழுமருந்து கொடுக்க. கூட்டின் கூரையையும் தரையையும் செப்பனிடுக. தை மாதத்தில், மழை ஓய்ந்தபின், மீண்டும் சோதிக்க. பங்குனி, சித்திரை மாதங்களின் வெயிலில் கூட்டைக் கழற்றிக் காயவிட்டுச் சுண்ணாம்பு பூசுக, மேல்மண்ணை அகற்றுக. குஞ்சுகளுக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதன்முறை மருந்து கொடுப்பது பற்றி வைத்தியரைக் கேட்க. மாதம் ஒருமுறை இரவில் விளக்குடன் கூட்டைப் பார்வையிடுக. புதிதாய் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்து, பேன் உண்டோ எனப் பார்த்த பின்னரே ஏனையவற்றுடன் விடுக.

இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. வெயிலும், சாம்பலும், சுண்ணாம்பும், அரைநாள் உழைப்புமே வேண்டும். மருந்து வேண்டியவிடத்து அதனைச் சரியான அளவில், சரியான நாளில், சரியான இடத்தில் இடுதல் வேண்டும். ஐயம் உள்ளவிடத்து அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்தியரை அணுகி ஆலோசனை பெறுக.